பக்கத்து இருக்கையில் இல்லாத பிரேக்

பிள்ளை, நீ இதை வாசிக்கத் தொடங்கும்போது கார் நின்றிருக்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது. எஞ்சின் அணைந்து, கைபிரேக்கும் இழுத்திருக்க வேண்டும். முதல் வரியிலேயே அப்பா தொடங்கிவிட்டார் என்று நீ சிரிப்பாய். சிரி. நேற்று நீ என்மேல் வைத்த குற்றச்சாட்டுக்கு நானே சாட்சி சொல்லியாயிற்று. இதைத் தபாலில்தான் போடப் போகிறேன். கோர்லிட்ஸ் நகரத்து உன் புது விலாசத்தை அம்மா குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். போனில் குரலைப் பதிந்து அனுப்பலாம்தான். ஆனால் வாயால் சொன்னால் நடுவில் ஒரு பகிடியை விட்டுவிட்டு நான் தப்பி ஓடிவிடுவேன் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். எழுதும்போது அவ்வளவு இலகுவாக ஓட முடியாது, முழங்காலும் விடாது. தமிழில் எழுதுவதற்குக் குறை நினைக்காதே. ஜெர்மனிக்கு வந்து இவ்வளவு காலமாகியும் என் டொச், வேலை செய்கிற ஆஸ்பத்திரிச் சமையலறை டொச். அதில் 'சுடுகிறது, தள்ளி நில்' என்று நன்றாகச் சொல்லலாம், இதையெல்லாம் சொல்ல ஏலாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்ததை வைத்து எழுத்துக் கூட்டி வாசி. அவசரம் ஒன்றும் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நீ புறப்பட்டுப் போனதிலிருந்து அடுப்படி மேசையிலேயே இருக்கிறேன். யன்னலுக்குக் கீழே உன் கார் நின்ற வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நான் இந்த மேசைக்கு வந்து இருப்பதற்குள் மேல்வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து அங்கே செருகிவிட்டார். வுப்பர்டாலில் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் அதற்காகச் சந்தோசப்படுகிறவர் ஒருவராவது இருப்பார். அம்மா உன் அறையைத் துப்புரவாக்குகிறேன் என்று உள்ளே போனவர், கட்டிலில் இருந்துகொண்டு உன் பழைய சால்வை ஒன்றை மடிக்கிறார், பிறகு விரிக்கிறார், பிறகு மடிக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன். இந்தக் கிழமை முழுவதும் எனக்கு அதிகாலை வேலை. உடம்பு நனைந்த சாக்கு மாதிரிக் கனக்கிறது. படுத்துக் கிடக்க வேண்டிய ஆள். படுத்தால் கண்ணை மூடியதும் ஓட்டோபான் பெருந்தெரு ஓடுகிறது. அதனால்தான் படுக்காமல் பேனாவை எடுத்தேன்.

நேற்றுப் பின்னேரம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்காமலே பிரிந்துவிட்டோம். உன் சின்னக் காருக்குள் ஒரு வீட்டையே அடைத்தோம். போர்வைகள், அரிசி மூட்டை, அம்மா வறுத்து அரைத்த தூள் போத்தல்கள், கிரைண்டர், உன் மஞ்சள் தொப்பி, பாலங்களைத் தட்டிப் பார்க்கிற உன் சுத்தியல். ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை பாலம் கட்டப் போகிறாள் என்று நான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிய, நீயோ மற்றவர்கள் கட்டிய பாலங்களைத் தட்டித் தட்டி, இதற்கு வருத்தம், இதற்குச் சுகம் என்று சொல்கிற வேலையை எடுத்துவிட்டாய். வைத்தியராக வா என்று ஒரு காலத்தில் நான் கேட்டதை இப்படி நிறைவேற்றிவிட்டாய் என்று வைத்துக்கொள்கிறேன். எல்லாம் ஏற்றி முடிந்தபோது முன்சீற் ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அதைக் கண்டதும் எனக்குள் ஒரு சந்தோசம். மேலே ஏறிப்போய் என் சின்னப் பையைக் கொண்டுவந்து அதில் வைத்தேன். பை வெள்ளிக்கிழமையே கட்டியாயிற்று. மாற்றுச் சேட்டு, சாரம், முழங்கால் பட்டி, பிரஷர் குளிசை. திரும்பி வருவதற்கு ரயில் டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. நீ கார் ஓடினால் பக்கத்துச் சீற் என்னுடையது என்பது எங்கள் வீட்டுச் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நீ மெதுவாகத்தான் சொன்னாய்.

“அப்பா, நீங்கள் பக்கத்திலை இருந்தால் நான் கார் ஓடுறேல்லை. நீங்கள்தான் ஓடுறியள்.”

“நான் என்ன செய்தனான்? சும்மாதானே இருக்கிறன்.”

“நீங்கள் சும்மா இருக்கிறியள். உங்கடை கால் சும்மா இருக்கேல்லை. இல்லாத பிரேக்கை அது அமத்திக்கொண்டே இருக்கு. எனக்கு அது தெரியும் அப்பா. இவ்வளவு தூரம் ஒருக்கால் நான் தனிய ஓடவேணும்.”

பிறகு பையை நீயே எடுத்து, அத்தனை படியும் ஏறி, வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். அதையும் மரியாதையாக, நித்திரையான குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாய். எறிந்திருக்கலாம்.

இன்று காலை நான் கீழே இறங்கவில்லை. முழங்கால் ஏலாது என்று அம்மாவிடம் சொன்னேன். “நேற்று அரிசி மூட்டையோடை படி இறங்கேக்கை ஏலுமாய் இருந்தது” என்றார் அம்மா, செருப்பைக் கொழுவிக்கொண்டே. இவ்வளவு காலம் கூட வாழ்ந்தவரிடம் பொய் சொல்வதில் ஒரு பலனும் இல்லை. அவர் அதை மறுக்கக்கூட நிற்கமாட்டார். தேசிக்காய்களை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் யன்னலில் நின்று பார்த்தேன். அவர் குனிந்து குனிந்து ஒவ்வொரு டயருக்குக் கீழும் தேசிக்காய் வைத்ததையும், கீழ்வீட்டுப் பெண்மணி குப்பைப் பையோடு நின்று அதைப் பார்த்ததையும், நீ அவருக்கு ஏதோ விளக்கம் சொல்லி இரண்டு பேரும் சிரித்ததையும், கார் உருண்டு காய்கள் நசிந்ததையும் பார்த்தேன். பிறகு நீ காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மேலே பார்த்தாய். நேரே எங்கள் யன்னலை. கையைத் தூக்கினாய்.

நான் திரைச்சீலைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

அறுபது தாண்டிய மனிதன், பெற்ற பிள்ளைக்குக் கை காட்டாமல் திரைக்குப் பின்னால். எட்டிப் பார்க்க மனம் வந்தபோது நீ போய்விட்டாய், நசிந்த தேசிக்காய் மட்டும் தெருவில் கிடந்தது. இதைத்தான் காலையிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். நீ இப்போது கோபத்தோடு ஓடுகிறாயா, அழுதுகொண்டு ஓடுகிறாயா, அல்லது என்னை நினைக்காமலே நிம்மதியாக ஓடுகிறாயா என்று தெரியவில்லை. எது நல்லது என்றும் தெரியவில்லை. போய்ச் சேர்ந்ததும் நானே போன் எடுப்பேன், அதுவரை ஒருவரும் எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மாவிடம்தான், என்னிடம் இல்லை. போன் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறது. நான் தொடவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

நீ சொன்னது உண்மை, பிள்ளை. என் கால் பிரேக் போடுகிறது. ஆனால் அது உன் ஓட்டத்தைப் பார்த்துப் போடுகிற பிரேக் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றிப்போக வேண்டும். ஓட்டோபானுக்குப் பயந்தவன் உள்ளூர்த் தெருக்களால் வருகிற மாதிரி வருகிறேன், பொறுத்துக்கொள்.

பதினேழு வயதில் நீ லைசென்ஸ் எடுத்த வருசம் உனக்கு நினைவிருக்கும். இந்த நாட்டுச் சட்டப்படி பதினெட்டு வயதாகும்வரை நீ தனியாக ஓட முடியாது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் யார் என்பதும் கடதாசியில் எழுதியிருக்க வேண்டும். அம்மாவிடம் லைசென்ஸ் இல்லை. அதனால் உன் கடதாசியில் என் பெயர் ஏறியது. பெக்லைட்பெர்சோன். கூடப் போகிறவர். லைசென்ஸ் கந்தோர் வாசலில் நின்று நான் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்க, நீ பஸ் போய்விடும் என்று அவசரப்படுத்தினாய். இந்த நாட்டுக் கந்தோர்களில் என் பெயர் எழுதிய கடதாசிகள் நிறையக் கிடக்கின்றன. நான் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது, எவ்வளவு காலத்துக்கு இருக்கலாம் என்று சொல்கிற கடதாசிகள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒரு காரியம் நடக்காது என்று சொன்ன முதல் கடதாசி அதுதான். என் சொந்த லைசென்ஸைவிட எனக்கு அதில் பெருமை. என் லைசென்ஸ் கதைதான் உனக்குத் தெரியுமே. மறுபடியும் மறுபடியும் தவறியபோது ஓட்டம் பழக்கியவர் என்னிடம் சொன்னார், நீங்கள் கார் ஓடவில்லை, தெருவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று. மனிதர் சரியாகத்தான் சொன்னார்.

அந்த வருசம் நான் வேலை முடிந்து வரும்போது நீ கார்த் திறப்போடு வாசலில் நிற்பாய். சப்பாத்தைக் கழற்ற விடமாட்டாய். பக்கத்துக் கடையில் இருக்கிற பாலை வாங்க ஊரின் மறுபக்கத்துக்குப் போனோம். வுப்பர்டால் ஏற்றங்களில் கார் பின்னால் உருளாமல் எடுக்கப் பழகினாய். பாலத்துக்குக் கீழே போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாய், நான் 'முன்னாலை பார்' என்று கத்தினேன். அந்தப் பார்வைதான் ஒருநாள் உனக்குச் சம்பளம் தரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டில் சொல்லாததை எல்லாம் நீ எனக்கு அந்தக் காருக்குள்தான் சொன்னாய். வைத்தியம் படிக்கப் போவதில்லை என்பதை ஒரு சிவப்பு விளக்கில் சொன்னாய். பச்சை விழுந்துவிட்டதால் நான் கோபப்பட நேரம் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு இருப்பதால் முகத்தைப் பார்க்காமல் கதைக்கலாம். அப்பாமாருக்கும் மகள்மாருக்கும் அதைவிட நல்ல இடம் வேறில்லை.

எங்கே போனாலும், காரை நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் நீ ஒன்று சொல்வாய். “அப்பா, வந்திட்டம். இனிக் காலை எடுங்கோ.” நான் குனிந்து பார்ப்பேன். என் வலது கால் விரிப்பை அழுத்திக்கொண்டிருக்கும். கார் நின்றது அதற்குத் தெரியாது. அந்தப் பழைய காரை விற்கும்போது, வாங்க வந்தவர் பக்கத்துச் சீற் விரிப்பில் இருந்த ஓட்டையைக் காட்டி, இந்தப் பக்கத்தில் இருந்தும் ஒருவர் ஓடினாரா என்று கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஒருநாள் நீ கண்டுபிடித்தாய். “சந்தியிலை, விளக்கிலை எல்லாம் நீங்கள் பேசாமல் இருக்கிறியள். அந்த போர்ட்டைக் கண்டால்தான் உங்கடை கால் கூடுதலாய் அமத்துது” என்றாய். ஒரு மாவட்டம் முடிந்து அடுத்த மாவட்டம் தொடங்குகிற இடத்தில், சின்னம் போட்டு நிறுத்தியிருக்கிற அந்த போர்ட். நான் அங்கே கமரா இருக்கும், கவனம் என்று சொல்லி மழுப்பினேன். அதை நம்பி நீ பாவம், ஒவ்வொரு மாவட்ட போர்ட்டிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனாய், பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். அங்கே கமரா இல்லை, பிள்ளை. ஒருநாளும் இருந்ததில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை மலைப்பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில், அகதிகள் வீட்டில் விட்டார்கள். அகதியாகப் பதிந்தவன் அனுமதி இல்லாமல் தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது அப்போது சட்டம். சிவா மாமாவை உனக்குத் தெரியும். கெல்சென்கிர்ச்சனிலிருந்து உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்து, பாடச் சொல்லாமலே பாடுகிறவர். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்து இறங்கினோம். ஆனால் அவரை அடுத்த மாவட்டத்தில் போட்டுவிட்டார்கள். அந்த ஊர்களில் எங்களுக்கு வேறு ஒருவரையும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் பக்கத்துக் கடைசி ஊர்வரை பஸ்ஸில் வந்து நடப்பார், நான் என் பக்கத்திலிருந்து நடப்பேன். நடுவில் அந்த போர்ட். அவர் அந்தப் பக்கத்துப் புல்லில் இருப்பார், நான் இந்தப் பக்கத்துப் புல்லில் இருப்பேன். சோறு நான் கொண்டுபோவேன், கறி அவர் கொண்டுவருவார். “எட்டி வாங்கு மச்சான், நீ இங்காலை வந்தியோ, ரண்டு பேரையும் உள்ளுக்குப் போடுவாங்கள்” என்பார். போர்ட் கம்பத்துக்கு அடியில் சீட்டுகளை விரித்து விளையாடினோம். கறியை வாங்க நான் கையை நீட்டினால் அது எல்லை தாண்டின மாதிரியா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிவா மாமா நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “கால்தான்ரா கணக்கு. கை போய்வரலாம்.” அன்றிலிருந்து என் காலை நான் மிகவும் கவனமாக வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, அந்த வழியால் நாயோடு நடக்கிற ஒரு டொச் கிழவர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். பலமுறை எங்களைக் கண்டிருக்கிறார். ஏன் இப்படி இரண்டு பக்கமும் இருக்கிறீர்கள், சண்டையா என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த பத்துச் சொல்லை வைத்து, நான் இங்கே, அவர் அங்கே, தாண்டினால் பொலிஸ் என்று விளக்கினோம். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். கைத்தடியால் எனக்குப் பின்னால், பள்ளத்தில் ஓடுகிற ஒரு சின்ன வாய்க்காலைக் காட்டினார். அதுதானாம் எல்லை. அங்கே வளைவு, கம்பம் நட இடமில்லை என்று போர்ட்டை மேலே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். அதாவது, இத்தனை ஞாயிறும் நான் என் மாவட்டத்தில் இருக்கவே இல்லை. சிவா மாமாவின் மாவட்டத்துக்குள் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, எல்லை தாண்டக் கூடாது என்று கையை எட்டிக் கறி வாங்கியிருக்கிறேன். சிவா மாமா புல்லில் உருண்டு சிரித்தார். “இவ்வளவு நாளும் என்ரை வளவுக்கை இருந்துகொண்டே என்னட்டை வரப் பயந்திருக்கிறாய்” என்றார். இன்றைக்கும் கொண்டாட்டங்களில் அவர் இந்தக் கதையைத் தொடங்குவார். நான் அடுப்படிப் பக்கம் போய்விடுவேன். நீயும் பாதிதான் கேட்டிருப்பாய்.

மீதி இதுதான். அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் போகவில்லை. தடிமன் என்று சொல்லியனுப்பினேன். தடிமன் இல்லை. கட்டிலில் படுத்துக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை முறை தாண்டியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று மனம் ஆறியிருக்க வேண்டும். எனக்கு மறுவளமாக வேலை செய்தது. எல்லை போர்ட்டில் இல்லை, கண்ணுக்குத் தெரியாத எங்கோ இருக்கிறது, எந்த நேரமும் நான் அதற்கு அங்கால் நிற்கலாம் என்று என் கால் படித்துக்கொண்டது. மறதி கூடிய இந்தத் தலைக்குக் கீழே இருக்கிற கால், அந்தப் பாடத்தை மட்டும் மறக்கவில்லை. பிறகு சட்டம் எங்களை விட்டது, வேலை கிடைத்தது, அம்மா வந்தார், நீ பிறந்தாய், இந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் வந்தது. பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வந்த அன்றும் ஒரு போர்ட்டில் கால் அமத்தியது. அதற்கு யாரும் பாஸ்போர்ட் கொடுக்கவில்லை.

ஆகையால், பிள்ளை, அது உன் ஓட்டம் இல்லை. நீ நன்றாக ஓடுகிறாய். நான் தெருவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகிற இடத்தில் நீ 'ஹலோ' சொல்லிவிட்டுப் போகிறாய். இன்று நீ தாண்டுகிற மாவட்டங்களைப் படத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். காசலுக்கு முன்னால் சில, பிறகு கோட்டிங்கன், லைப்சிக், டிரெஸ்டன் என்று நாட்டின் இந்த ஓரத்திலிருந்து போலந்து எல்லைவரை. விரல் களைத்துப் பாதியில் விட்டுவிட்டேன். எந்த இடத்தில் எந்த மாவட்டம் முடிந்தது என்று நீ கவனித்துக்கூட இருக்கமாட்டாய். பாட்டுப் போட்டுக்கொண்டு போயிருப்பாய். அதைப் பக்கத்தில் இருந்து ஒருக்கால் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பையைக் கட்டும்போது என் ஆசை. ஆனால் நான் பக்கத்தில் இருந்தால் அது நடக்காது. நேற்று நீ சொன்னது அதைத்தான். எனக்கு அது விளங்க இன்று மத்தியானம் ஆகிவிட்டது.

புத்தி சொல்லாமல் ஒரு அப்பா கடிதத்தை முடித்தால் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிடுவார். ஆனால் என்னிடம் இருப்பது களைப்பைப் பற்றிய புத்தி மட்டும்தான். அதில்தான் எனக்கு அனுபவம். உனக்குப் பத்து வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். நான் அதிகாலை வேலை முடிந்து நேரே வந்து, உங்கள் வகுப்புச் சின்னக் கதிரையில் முழங்கால் நெஞ்சில் முட்ட இருந்தேன். ஆசிரியை உன் கணக்கைப் புகழ, நீ எனக்கு மொழிபெயர்க்க, நான் நித்திரையாகிவிட்டேன். கண் திறந்தபோது ஆசிரியை என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, அவவுக்கு என்ன சொன்னனி என்று கேட்டேன். “அப்பா ஆழமாய் யோசிக்கிறார் எண்டு சொன்னனான்” என்றாய். அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு அவ்வளவு தூரம் போகவில்லை. களைப்பை நான் ஒரு குணம் என்று நினைத்துவிட்டேன், பிள்ளை. மற்றவன் வரவில்லை என்றால் அவன் முறையையும் நானே செய்தேன். கண் எரிந்தாலும் ஓய்விடத்தில் காரை நிறுத்தாமல் வீடு வந்து சேர்வதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தது பெரும்பாலும் கார் மட்டும்தான். நீ அப்படி ஓடாதே. தெருவிலும் ஓடாதே, வேலையிலும் ஓடாதே. களைக்க முதல் நிறுத்து. நிறுத்தியதற்கு ஒருவருக்கும் காரணம் சொல்லாதே.

அந்தக் கிழக்குப் பக்கத்து ஆட்கள் எங்களைப் போன்றவர்களோடு எப்படியோ என்று அம்மா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கும் அந்தப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். முறைத்துப் பார்க்கிறவரும் இருப்பார், நாயோடு வந்து நின்று வாய்க்காலைக் காட்டுகிறவரும் இருப்பார். இரண்டு பேருக்கும் முகம் ஒன்று போலத்தான் இருக்கும். முதல் கிழமையே பக்கத்து வீடுகளின் மணியை அடித்து நீயே போய்ப் பெயரைச் சொல். உன் குழம்பு மணம் போவதற்கு முதல் நீ போய்விட வேண்டும். எந்த ஊர் என்று கேட்டால் வுப்பர்டால் என்று சொல், அதுவும் முழு உண்மைதான். அதற்குமேல் கேட்கிறவர் நல்லவராகத் தெரிந்தால் போர்ட் கதையைச் சொல். இல்லாவிட்டால் சொல்லாதே. எங்கள் கதையை எல்லா வாசலிலும் காட்டிக்கொண்டு போக அது அடையாள அட்டை இல்லை.

இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார். தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தபோது நீ போன் எடுத்தாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் மேசைக்கு இந்தப் பக்கத்தில் நடந்ததை நீ காணவில்லை, அதனால் எழுதுகிறேன். அம்மாதான் போனைப் பறித்தார். முதல் கேள்வி, பால் காய்ச்சியாயிற்றா என்பது. புது வீட்டு இண்டக்ஷன் அடுப்பில் அம்மா தந்த அலுமினியச் சட்டி சூடாகவே இல்லை என்றும், கடைசியில் தண்ணீர் சுடவைக்கிற கேத்திலில் பாலை ஊற்றியதாகவும், அது பொங்கி மேசை, தரை எல்லாம் ஓடியதாகவும் நீ சொன்னாய். “பொங்கினதோ? அப்ப சரி” என்றார் அம்மா, பெரிய பாரம் இறங்கியது போல. பிறகு போனை என் பக்கம் தள்ளிவிட்டு, சால்வையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

“அப்பா” என்றாய்.

“ம்.”

“காலமை யன்னலிலைதானே நிண்டனீங்கள்? திரை ஆடினது. கண்டனான்.”

காலையிலிருந்து இத்தனை பக்கம் எழுதியவன், அதற்குப் பதில் சொல்ல ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். “ஓம்” என்றேன். உனக்குப் பின்னால் ஏதோ பெட்டி சரிகிற சத்தம் கேட்டது.

“வந்திட்டன் அப்பா. இனிக் காலை எடுங்கோ.”

குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தேன். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காலையில் இந்த மேசைக்கு வந்து இருந்தபோது வைத்தது. அத்தனை மாவட்டத்தையும் நான் இந்த அடுப்படியில் இருந்தே பிரேக் போட்டுத் தாண்டியிருக்கிறேன். காலை எடுத்தேன். விறைத்துப்போய்க் கிடந்தது, இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி மற்றக் கதிரையில் வைக்க வேண்டியிருந்தது. இந்த வரிகளை அப்படி இருந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பையிலிருந்து சாரத்தையும் குளிசையையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றதை அவிழ்க்கவில்லை. வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில், நீ வைத்த இடத்திலேயே கிடக்கட்டும். எப்போதாவது கூப்பிட வேண்டும் போல இருந்தால் கூப்பிடு. பின்சீற்றில் இருப்பேன்.

கூடப் போகாதவர்,
உன் அப்பா